ஏழு பேர்ச் செபத் தோட்டம்

முழந்தாளிட்டு ஒரு செபமாலையை முழுவதுமாகச் சொல்லி முடித்தவனில்லை நான். முப்பதாவது மணியில் கால் மரத்துப்போகும், நாற்பதாவதில் கண் சொக்கும். கடைசி மணிகளை எப்போதும் என் அக்காதான் எனக்கும் சேர்த்துச் சொல்லி முடித்திருக்கிறாள். இப்படிப்பட்ட ஒருவன் வீட்டில் செபத் தோட்டம் கட்டினான் என்றால், அதில் பக்தியைத் தவிர வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். சந்தேகம் சரி. பக்தி கொஞ்சம், மீதியெல்லாம் குயுக்தி.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இன்னும் குடியிருக்கும் அக்காவுக்குத்தான் சங்கடம். நான் அவளுக்குக் கொடுத்த சங்கடம் ஏற்கனவே போதும்.

அக்கா பெயர் ஜெசிந்தா. கொழுந்து எடுக்கிறவள். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவள் எடுத்த கொழுந்தில்தான் நான் பள்ளிக்கூடத்தில் ஓலெவல் வரை போனேன். (போய் அங்கேயே நின்றும்விட்டேன்.) மச்சான் ராயப்பன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். இந்த நான்கு பேருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், கடைசிக் காம்பரா ஒன்று, அதை ஒட்டிச் சமைக்க ஒரு குசினி. நான் பதுளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்து, கடையின் மேல்மாடியிலேயே படுத்துக்கொண்டு, சனிக்கிழமை ஆனதும் அந்த நான்கு பேரோடு ஐந்தாவது ஆளாகப் போய்ச் சேருவேன்.

மூத்தவள் டிலானி பெரிய பிள்ளையானபோது அந்தக் காம்பரா இன்னும் சின்னதாகிவிட்டது. அவள் உடுப்பு மாற்றும்போது அக்கா ஒரு பழைய சேலையைக் கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மச்சான் பீடி குடிக்கிற சாக்கில் வெளியே போய்விடுவார். மழை பெய்தாலும் போவார். அந்த வருடம் அவர் நனைந்த அளவுக்குப் பீடி குடித்திருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டார். அதனால் அக்காவுக்கு வீடு என்றால் ஒரு கதவு. உள்ளேயிருந்து கொண்டி போடக்கூடிய ஒரு கதவு. அதைத்தான் அவள் ஒவ்வொரு செபமாலையிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவு வருவதாகவும் பேச்சு இருந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச், அதாவது சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி காணியும் அதில் ஒரு வீடும் தருகிற திட்டத்தில் எங்கள் லயமும் இருந்தது. லயத்துக்குப் பின்னால் இருக்கிற சமநிலத்தை ஆறு துண்டாகப் பிரித்து, அவரவர் காம்பராவுக்கு நேரே வருகிற துண்டை அவரவருக்குக் கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். அக்காவின் துண்டு ஆறாவது, ரோட்டோரம். அதில் அவள் போஞ்சிக் கொடி போட்டிருந்தாள்.

ரோட்டோரம் என்பதுதான் வினை. எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மாரிமுத்து புதிதாக ஓட்டோ வாங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை போஞ்சிப் பாத்திக்குப் பக்கத்தில் நின்று, காலால் நிலத்தை அளந்துகொண்டிருந்தார்.

“தம்பி, வீடு வரும்போது வரட்டும். அதுவரைக்கும் சும்மா கெடக்குற எடந்தானே. நாலு தகரத்தப் போட்டு ஓட்டோவ நிப்பாட்டிக்கிறேன்” என்றார்.

“அக்கா போஞ்சி போட்டிருக்காங்களே, தலைவரே.”

“போஞ்சி என்ன ரோட்டப் பாத்தாத்தான் காய்க்குமா?”

அக்கா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். “ஒங்க ஓட்டோ என்ன சீனியில செஞ்சதா தலைவரே, மழையில கரையிறதுக்கு?”

தலைவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் போகும்போது இரண்டு குச்சியை நட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு நாலு தகரம், நாளைக்கு நாலு தூண், அளக்க வருகிற நாளில் அது தலைவரின் கராஜ். ஆறாவது துண்டு காற்றோடு போய்விடும்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (இந்த வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் பயத்தோடுதான் கேட்பார்கள்.) தோட்டத்தில் எந்த நிலமும் எங்களுடையதில்லை. ஒரு கோழிக்கூட்டை அரை முழம் நகர்த்தினாலும் ஆபீசிலிருந்து ஆள் வரும். ஆனால் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டால், அல்லது ஒரு சிலுவையை நட்டு வெள்ளையடித்துவிட்டால் கதை வேறு. தோட்டத்தை நடத்துகிற தொரையின் ஜீப்பும் அதைச் சுற்றி வளைந்துதான் போகும். தலைமுறை தலைமுறையாக மனுசருக்குக் கிடைக்காத காணி உரிமை ஒரு கல்லுக்கு ஒரே வெள்ளிக்கிழமையில் கிடைத்துவிடும். ஆகவே மாதாவைக் கொஞ்ச நாளைக்குக் காவலுக்கு வைப்போம், வீடு வரும்போது அவரை ஓரமாக நகர்த்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கடவுளின் தாயாரை வாட்ச்சர் வேலைக்குச் சேர்த்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

வெறும் சுரூபம் என்றால் தலைவர் அதன் பக்கத்திலேயே ஓட்டோவை நிறுத்திவிடுவார். ஆகவே நிலம் முழுவதையும் நிரப்ப வேண்டும். போனில் தேடினேன். யாரோ ஒரு வெளிநாட்டு அம்மையார், வீட்டு முற்றத்தில் கத்தோலிக்கச் செபத் தோட்டம் அமைப்பது எப்படி என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முற்றத்துக்குள் எங்கள் லயத்தைத் தூக்கி வைத்தால் மீதி இடத்தில் கிரிக்கெட் விளையாடலாம். வெள்ளை ரோசா, உட்கார ஒரு கல் வாங்கு, நடந்துகொண்டே செபமாலை சொல்ல ஒரு பாதை, நடுவில் மாதா. ‘உங்கள் மனதுக்கு அமைதி தரும் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்’ என்றார் அம்மையார். என் மனதுக்கு அமைதி தருவது, ஓட்டோ நுழைய முடியாத எந்த இடமும்தான்.

அக்காவிடம் சொன்னேன்.

“போஞ்சி இன்னும் பத்து நாள்ல பறிக்கலாமேடா” என்றாள்.

“போஞ்சி முக்கியமா, வீடு முக்கியமாக்கா?”

“ரெண்டும் முக்கியந்தான்.” போஞ்சிப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “வீடு வரும்போது மாதாவ எங்க வைப்ப?” என்று கேட்டாள்.

“வீட்டு முன்னாலயே. வாசல்ல. இன்னும் சிறப்பு.”

என்னை நம்பி அன்றைக்கே கொடிகளைப் பிடுங்கினாள். பிஞ்சுகளை முந்தானையில் சேர்த்துக்கொண்டு போனாள். இரண்டு நாளைக்கு எங்களுக்குப் பிஞ்சுப் போஞ்சிக் குழம்பு. அதைப்போல் கசப்பான குழம்பை நான் சாப்பிட்டதில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் ருசியாகத்தான் இருந்தது. நான் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

கடையில் நான் சீமெந்தும் சல்லிக்கல்லும் எடுத்து வைப்பதை எங்கள் நஸீர் முதலாளி பார்த்துவிட்டார்.

“என்னடாப்பா, வெள்ளப் பெயின்ட் எல்லாம் போகுது. கலியாணமா?”

“இல்ல முதலாளி. மாதாவுக்கு ஒரு தோட்டம் கட்டுறேன்.”

அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒங்கட மாதா எங்களுக்கும் பெரிய ஆள்தான் மகன். எங்கட வேதத்துலயும் அவங்கட பேர் இரிக்கி. இன்னொரு வாளி பெயின்ட் நான் தாரன், கொண்டு போ. ஆனா நிய்யத்து சுத்தமா இரிக்கணும். மனசுல ஒண்ண வெச்சிக்கிட்டு கட்டினா கல்லு நிக்காது.”

மனசுக்குள் தலைவரின் ஓட்டோவை வைத்துக்கொண்டு பெயின்ட்டை வாங்கிக்கொண்டேன். முதலாளி சொன்னதில் ஒன்று பிழை. கல் நின்றது. இப்போதும் நிற்கிறது. அதுதான் பிரச்சினையே.

மாதா கிடைத்தது டவுன் கோயிலின் சாமான் அறையில். இடது கைச் சுண்டுவிரல் உடைந்த பழைய சுரூபம். உயரம் என் நெஞ்சு வரைக்கும். ஃபாதர் சந்தோசமாகக் கொடுத்தார். அதை ஒரு பெட்சீட்டில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு பதுளை பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். பஸ் நிறைந்திருந்தது. கண்டக்டர் சிங்களவர். பெட்சீட்டுக்கு வெளியே தெரிந்த முகத்தைப் பார்த்ததும், முன்னால் புத்த சாதுமாருக்கென்று ஒதுக்கின சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை எழுப்பிவிட்டார்.

“மல்லி, தம்பி, மாதா இங்க வைங்க. இது சாமிமார் சீட்.”

வைத்தேன். அந்தச் சீட்டில் மிஞ்சின இடத்தில் நானும் உட்காரப் போனேன்.

“நீங்க இல்ல. நீங்க நில்லுங்க.”

ஸ்பிரிங்வெளி வரைக்கும் மாதா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்த அம்மா உட்கார்ந்த இடத்தில் இனி எங்களுக்கு இடமில்லை என்று. நான் கால் வலியைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

மூன்று சனிக்கிழமையில் தோட்டம் எழும்பியது. செபமாலையின் அருள்நிறை மந்திரத்துக்கு ஐம்பத்து மூன்று சின்னக் கல், பரலோக மந்திரத்துக்கு ஆறு பெரிய கல், எல்லாம் வெள்ளையடித்து, நிலத்தின் நான்கு மூலையும் அடைபடும்படி பாதையை வளைத்து வளைத்துப் போட்டேன். (மறை உண்மைகளைத் தியானித்துப் போட்ட வளைவு என்று ஃபாதர் நினைத்தார். ஓட்டோவின் மூன்று சில்லைத் தியானித்துப் போட்ட வளைவு அது.) நடுவில் கருங்கல்லால் குகைபோல ஒரு கெபி, அதற்குள் மாதா, முன்னால் ஒரு கல் வாங்கு. சுற்றிலும் அக்கா நட்ட ரோசா. வெளியே நானே எழுதின போர்டு: ‘செபத் தோட்டம். அனைவரும் வருக.’

ஃபாதர் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். “இது ஒங்க வீட்டுத் தோட்டமா, பொதுவா சேவியர்?” என்று கேட்டார்.

லயமே கூடி நின்றது. முன்வரிசையில் தலைவர். நான் குரலை உயர்த்தி, “பொதுதான் ஃபாதர். எல்லா சனமும் வரலாம்” என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு கண்ணைச் சிமிட்டினேன்.

சனம் வந்தது. லயத்தில் நாங்கள் இரண்டு குடும்பம்தான் வேதக்காரர். ஆனால் மாதாவுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. செவ்வாய், வெள்ளியில் மேல் டிவிசனிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். சூடம் கொளுத்தினார்கள், எலுமிச்சை மாலை போட்டார்கள், பிள்ளை வரம் கேட்டு மூலையில் நின்ற கொய்யா மரத்தில் தொட்டில் கட்டினார்கள். கட்டினவர்களில் ஒருத்திக்கு அடுத்த வருடமே பிள்ளை பிறந்தது. அதோடு எங்கள் மாதாவின் பேர் மலையெல்லாம் பரவிவிட்டது. ஆட்கள் சேர்ந்து கெபிக்கு முன்னால் நல்ல தகரத்தில் ஒரு கூரை போட்டார்கள், கரண்டு இழுத்து ஒரு பல்பும் மாட்டினார்கள். எங்கள் காம்பராவின் கூரை அப்போது மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஆனால் தலைவர் விட்டபாடில்லை. தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, “கோயிலுக்குப் பக்கத்துல ஓட்டோ நின்னா கோயிலுக்கும் ஒரு காவல்தானே தம்பி” என்றார்.

அப்போதுதான் கடைசி ஆணியை அடித்தேன். தோட்ட ஆபீசுக்கு ஒரு மகஜர் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஓலெவலில் நான் சித்தியடைந்த ஒரே பாடமும் தமிழ்தான். இரண்டும் சேர்ந்தால் என்னவாகும் என்று பாருங்கள்: ‘மேற்படி இடமானது எமது மூதாதையர் காலந்தொட்டு சகல மத மக்களாலும் வழிபாட்டுத் தலமாகப் பேணப்பட்டு வருவதனால், அவ்விடத்தில் இனி எக்காலத்திலும் வீடோ, கராஜோ, வேறெந்தக் கட்டடமோ அமைக்க அனுமதிக்கலாகாது என மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறோம்.’

எனக்கு வேண்டியிருந்தது ‘கராஜ்’ என்ற ஒரு சொல்தான். அதை மட்டும் எழுதினால் தலைவரைக் குறிவைத்தது தெரிந்துவிடும். வாக்கியமும் நொண்டியது. அதனால் ‘வீடோ’ என்பதை ஓசைக்காகச் சேர்த்தேன். லயம் முழுவதும் கையெழுத்துப் போட்டது. தலைவரின் சம்சாரமும் போட்டார். அக்காவும் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. தம்பி எழுதினது அல்லவா.

ஆபீசில் பெரிய கிளாக்கர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். தலைவர் தன் இரண்டு குச்சியையும் பிடுங்கிக்கொண்டார். காணி பத்திரமாகிவிட்டது.

அடுத்த வருடம் ஒரு நாள் கடைக்கு அக்காவின் போன் வந்தது. “நாளைக்கு அளக்க வர்றாங்களாம்டா. நீயும் வந்து நில்லு. நாலு எழுத்து படிச்சவன் பக்கத்துல நின்னா மதிப்பு.”

நின்றேன். நீளக் காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அக்கா அன்றைக்கு வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. நல்ல சேலை உடுத்தியிருந்தாள். வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பான ஒரு அதிகாரி, டேப் பிடிக்கிற ஆள், பைலோடு பெரிய கிளாக்கர் என்று மூன்று பேர் ஒவ்வொரு துண்டாக அளந்துகொண்டே வந்தார்கள். ஐந்து துண்டுக்கு ஐந்து ஆப்பு அடித்தாயிற்று. அதில் ஒன்று தலைவருடையது. ஆறாவதுக்கு வந்ததும் அதிகாரி நின்றார். குனிந்தார். சப்பாத்தைக் கழற்றினார், உள்ளே காலில் போட்டிருந்த மேஸையும் கழற்றினார். முந்தின நாள் மழை, நிலமெல்லாம் சேறு. சேற்றில் வெறுங்காலோடு நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“பாத்தீங்களா மச்சான் மரியாதய. நம்ம ஆளுதான்” என்று மச்சானின் காதில் சொன்னேன்.

அதிகாரி கும்பிட்டு முடித்து, மேஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி. அப்ப அஞ்சு வீடு. முடிஞ்சுது” என்றார்.

அக்கா முன்னால் வந்தாள். “ஐயா, ஆறாவது எங்களுக்கு. ராயப்பன், ஜெசிந்தா. லிஸ்ட்ல பேர் இருக்குங்க.”

“பேர் இருக்கும்மா. எடம் இல்லையே. இது கோயில் எடம்.”

“கோயில் இல்லீங்க ஐயா. வீட்டுத் தோட்டந்தான். தம்பி சும்மா கட்டினது.”

அதிகாரி கையை நீட்டினார். பெரிய கிளாக்கர் பைலைத் திறந்து ஒரு தாளைக் கொடுத்தார். தாளை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். அவ்வளவு அழகான கையெழுத்து. அதிகாரி சத்தமாக வாசித்தார். மூதாதையர் காலந்தொட்டு. சகல மத மக்களாலும். ‘வீடோ’ என்ற இடத்துக்கு வந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள்.

“இது யார் எழுதினது? நல்லா எழுதியிருக்காரு” என்றார் அதிகாரி.

நான் கையைத் தூக்கினேன். (பாராட்டு என்று நினைத்துத்தான்.)

“தம்பி, அப்ப இதுல எழுதியிருக்கிறது உண்மையா, அக்கா சொல்றது உண்மையா? பரம்பரக் கோயில்னா வீடு தர ஏலாது. நேத்துக் கட்டினதுன்னா, ஆபீசுக்குப் பொய்க் கடிதம் குடுத்ததாப் போயிடும். அது வேற பிரச்சின. பொலிசு வரைக்கும் போகும். ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

லயமே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் உண்மை தெரியும். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேனாவையும் பைக்குள் ஆழமாக அழுத்திக்கொண்டேன். அக்கா நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

“கடிதத்துல இருக்கிறது உண்மைதாங்க ஐயா” என்றேன்.

பேதுரு சேவல் கூவுவதற்குள் இயேசுவை மூன்று தடவை மறுதலித்தார். எனக்கு ஒரு தடவையே போதுமாக இருந்தது. சேவல்கூட மெனக்கெடவில்லை.

அக்கா குசினிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அளக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் வந்தது. எனக்கும் ஒரு கோப்பை இருந்தது. சீனி சரியாகத்தான் போட்டிருந்தாள். ஏசியிருந்தால் குடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எனக்கு வீரம் வந்தது. (எப்போதும் ஒரு கிழமை பிந்தித்தான் வரும்.) ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “சுரூபத்த நான் திருப்பி எடுத்துக்குறேன். நீ போய் எழுதினது பொய்யினு எழுதிக் குடு” என்றார். ஞாயிற்றுக்கிழமை பெட்சீட்டும் கையுமாகக் கெபிக்குள் கால் வைத்தேன். லயத்துப் பெண்கள் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். தொட்டில் கட்டிப் பிள்ளை பெற்றவள் அந்தப் பிள்ளையை மாதாவின் காலடியில் கிடத்திவிட்டாள்.

“மாதாம்மாவ எடுக்கணும்னா இந்தப் புள்ளையத் தாண்டித்தான் எடுக்கணும்” என்றாள்.

தலைவரும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். “தம்பி, இது இப்ப ஒங்க குடும்பத்து மாதா இல்ல, தொழிலாளர் மாதா. கைய வெச்சா வேல நிறுத்தந்தான்.”

“தலைவரே, எங்க அக்கா வீடு போகுது.”

“அத மகஜர் எழுதுறதுக்கு முந்தி யோசிச்சிருக்கணும்.” அவர் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

உண்மையை எழுதின இரண்டாவது கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொலிஸ் வரவில்லை. அந்த அளவுக்குக்கூட யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. “போன வருசம் இது பரம்பரக் கோயில். இந்த வருசம் கோயிலே இல்ல. அடுத்த வருசம் என்ன எழுதுவீங்க தம்பி?” என்று அதிகாரி கேட்டார். ஆறாவது வீடு வேறொரு லயத்துக்குப் போய்விட்டது.

எட்டு வருடமாகிறது. ஐந்து வீடும் கட்டி முடிந்து பெயின்ட் அடித்தாயிற்று. (பெயின்ட் எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். நான்தான் ஏற்றி அனுப்பினேன்.) அக்கா அதே காம்பராவில் இருக்கிறாள். மழைக்காலத்தில் பிள்ளைகள் இருவரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கெபிக்குப் போய்விடுவார்கள். ஒழுகாத கூரையும் மங்காத பல்பும் அங்கேதான் இருந்தன. டிலானி ஏலெவலை அந்தக் கல் வாங்கில் உட்கார்ந்துதான் படித்தாள். பாஸ் பண்ணினாள். மாதா செய்த புதுமை என்றார்கள். உடுப்பு மாற்ற மட்டும் இன்னும் சேலைதான். இப்போது அக்கா ஒரு முனையையும் சின்னவள் மறு முனையையும் பிடிக்கிறார்கள்.

அக்கா என்னை இதுவரை ஏசவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பகிடி செய்து வைத்திருக்கிறாள். கலியாண வீடு, சாவு வீடு, திருவிழா, எங்கே நாலு பேர் கூடினாலும் அதைச் சொல்வாள். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. அதனாலேயே கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத் தாங்காது.

போன மாதம் டிலானியைப் பெண் பார்க்க மடுல்சீமையிலிருந்து வந்தார்கள். நல்ல பையன். வங்கியில் வேலை. காம்பராவில் ஆறு நாற்காலி போட்டதும் நாங்கள் நிற்க இடமில்லை. நானும் மச்சானும் வாசலில் நின்றோம். பையனின் அம்மா தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார், பிறகு குசினியைப் பார்த்தார்.

“சொந்தமா எடம், வீடுன்னு ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டார்.

“இருக்குங்களே. என் தம்பிதான் கட்டிக் குடுத்தான்” என்றாள் அக்கா. “ஆனா நாங்க குடி போறதுக்குள்ள வேற ஒரு அம்மா வந்து ஒக்காந்துட்டாங்க.”

“ஐயையோ. யாரு அது?”

அக்கா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். புரிந்ததும் பையனின் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“காலி பண்ணச் சொல்ல ஏலாதா?”

“எப்பிடீங்க சொல்றது? அவங்களுக்குக் காணி உறுதி எழுதிக் குடுத்ததே இவன்தான். கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.”

காம்பராவே அதிர்ந்தது. பையனின் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அந்தப் பகிடிக்கு அப்படித்தான் சிரிக்க வேண்டும், பழகிவிட்டது. போகும்போது அவர்கள் செபத் தோட்டத்துக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டார்கள். மிகவும் அழகான தோட்டம் என்றார்கள். சொல்லியனுப்புகிறோம் என்றார்கள்.

சொல்லியனுப்பவில்லை. பிறகு தரகர்தான் வேறு எதற்கோ வந்த இடத்தில் சொன்னார். பெண்ணில் ஒரு குறையும் இல்லையாம். பையனின் அம்மா எங்கள் காம்பராவின் கூரையைப் பற்றித்தான் இரண்டு தடவை கேட்டாராம்.

நான் அதைக் குசினிக்குள் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

“நல்லாத்தான் சிரிச்சாங்க, இல்லடா?” என்றாள்.